மல்லாந்து விழும் இறால்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று கூட்டாளிகளிடம் காட்டிச் சிரிக்காதே. நேற்றுக் கோயிலில் உங்களுக்கு இரண்டாவது கல்யாண ஓலை வாசித்தார்கள். உன் பேரையும் ஜெனி பேரையும் சாமியார் படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னார். யாரும் இருமக்கூட இல்லை. நான் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்று தெரியும். சட்டப்படி அது தடை ஆகாது என்று சாமியார் சொல்லலாம். ஆனால் தெரிந்தால் நீ இந்தக் கல்யாணத்துக்கு நிற்பாயா என்பது எனக்குச் சந்தேகம். மூன்றாவது ஓலை வரும் ஞாயிற்றுக்கிழமை. நீ வெள்ளிக்கிழமை குஜராத்தில் ரயில் ஏறினால் அன்றைய பூசைக்கு வந்துவிடலாம். ஏறுவதா வேண்டாமா என்பதை இதைக் கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு நாலு புத்தி சொல்வது பெற்றவர்கள் வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது, ஆனாலும் வாய் சும்மா இருக்காது. நீ நல்லவன் என்று ஊர் சொல்கிறது. எனக்குத் தெரிந்து நீ சோம்பேறி. எதையும் இரண்டாம் முறை பார்க்க மாட்டாய். யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் தலையாட்டுவாய். அது உன் அப்பாவிடமிருந்து வந்த குணம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. என்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்பதுதான் என் பயம். அப்பா செத்தபோது நீ ஒன்பதாவது படித்தாய். கல்லறையிலிருந்து வந்த உடனே, "ம்மா, பசிக்குது" என்றாய். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் உன்னை ஓங்கி அறைந்தேன். துக்கத்தில் அடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. எனக்கும் அப்போது அகோரப் பசி. நான் வெட்கப்பட்டு அடக்கி வைத்திருந்ததை நீ வாயால் சொல்லிவிட்டாய், அதற்குத்தான் அறைந்தேன். என் தப்புக்கு அடுத்தவர் கன்னம் என்பது எனக்குப் புதுசு இல்லை, இதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

பொம்மைக் கம்பெனியில் நான் பதினோரு வருஷம் கண் எழுதினேன். மாதா சுரூபம், சூசையப்பர், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற ஆடு மாடு எல்லாவற்றுக்கும் கடைசியில் கண் வைப்பது என் வேலை. பீச்சாங்கைக்காரி கண் வைத்தால் சாமிக்கு ஆகாது என்று ஆரம்பத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். மூன்றே மாதத்தில் அவளே வந்து, "அக்கா, இந்த மாதாவுக்கு மட்டும் நீங்க கண்ணு வச்சிக் குடுங்க" என்று நின்றாள். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அடித்து அடித்து எழுதுவதை மட்டும் வலது கைக்கு மாற்றினார். மற்ற எல்லா வேலைக்கும் எனக்கு இடது கைதான். அந்தக் கையால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. பொம்மை வேலைக்கு வருகிற யாரும் முதல் நாளே கற்றுக்கொள்வது ஒன்று உண்டு, அடி கனமாக இருக்க வேண்டும். அச்சில் மண் கரைசலை ஊற்றும்போதே அடியில் தடிமன் விடுவார்கள். அடியில் கனமில்லாத பொம்மை காற்றடித்தாலே விழும். அது எனக்கு அருள் நிறைந்த மரியே ஜெபம் போல மனப்பாடம். என்னைக் கெடுத்ததும் அதுதான்.

நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சென்னைக்காரர் ஒருவர் தூண்டில் கம்பெனி வைத்தார். கண் எழுதுகிற பெண்களுக்கு விரல் நடுங்காது என்று யாரோ சொல்ல, எங்களில் பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் முழங்கால் அளவு கடல் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிற பணக்காரர்களுக்குப் பொய் இறால் கட்டித் தர வேண்டும். எறா கம்பெனி என்று ஊரில் பேராகிவிட்டது. நாங்கள் யாரும் அப்படி ஒரு கடலைப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணிக்குப் போனபோது காலை நனைத்ததோடு சரி. பிடித்த மீனை அவர்கள் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள் என்று கேட்டதும் ரோஸ்லின், "அப்புறம் எதுக்குக்கா பிடிக்கிறாங்க? குத்திப் பாத்துட்டு அனுப்பவா?" என்றாள். ரோஸ்லின்தான் ஜெனியின் அம்மா. எனக்கு ஆறு வயசு சின்னவள். புருஷன் துபாய்க்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பொம்மைக் கம்பெனியிலும் எறா கம்பெனியிலும் எனக்குப் பக்கத்து ஸ்டூல் அவளுடையது. என் டிபன் பாக்ஸில் கை விடுகிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

நீ கண்ணால் பார்த்திருக்கிறாய், ஆனால் உனக்கு எதுவும் நினைவிருக்காது, அதனால் சொல்கிறேன். மேசையில் ஒரு சின்ன இரும்புக் கவ்வி இருக்கும். தூண்டில் முள்ளை, முனை கீழே பார்க்கும்படி அதில் மாட்ட வேண்டும். உடம்புக்கு மினுமினுப்பான இழையைச் சுற்றி, மணல் நிறச் சாயம் ஏற்றிய முயல் மயிரை வைத்துக் கட்டி, மீசைக்கு இரண்டு நீள மயிர் விட வேண்டும். நைலான் நரம்பின் நுனியை நெருப்பில் காட்டினால் உருண்டு கறுத்துப்போகும், அதுதான் கண். கடைசியில் நூலை முடிச்சுப் போட்டு மேலே ஒரு சொட்டு வார்னிஷ். நிஜ இறால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிற மீன்காரம்மாவிடம் கால் கிலோ வாங்கித் தட்டில் பரப்பியிருந்தேன். நான் கண்ணை அளந்துகொண்டிருக்கும்போதே நீ வந்து, "ம்மா, பாத்து முடிச்சிட்டியா? தொக்கு வையேன்" என்றாய். அந்த மாதிரி விஷயங்களில் மட்டும் நீ கெட்டிக்காரன்.

மூன்று மாதம் கழித்து ஒரு புது மாதிரி வந்தது. அதில் மிளகை விடச் சின்னதாக இரண்டு பித்தளைக் குண்டுகளை முள்ளின் முதுகில் கட்டியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதுகில் கனத்தைக் கட்டினால் தண்ணீரில் குடை சாயாதா? வெள்ளைக்காரனுக்கு ஒரு தலையாட்டிப் பொம்மைகூடச் செய்யத் தெரியாது போல என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். ரோஸ்லின், "மாதிரியைப் பாத்து அப்பிடியே கட்டுவோங்க்கா. நமக்கு எதுக்கு வம்பு?" என்றாள். "நீ வேணும்னா கட்டு. கனம் எங்க வைக்கணும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேணாம்" என்று அவள் வாயை அடைத்தேன். என் பெட்டிக்கான அத்தனை இறாலிலும் குண்டை அடிப்பக்கம், முள்முனை இருக்கிற பக்கம், மாற்றிக் கட்டினேன். முதலாளி பார்த்து அசந்துபோய் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டப் போகிறார் என்று ஒரு வாரம் கனவு கண்டேன். தெரியாத தண்ணீருக்குச் செய்கிற வேலையில் உன் ஊர்ப் புத்தியை நுழைக்காதே, தம்பி. இது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் உனக்கு உபயோகமான புத்திமதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வெடிப்பு விழுந்தது என்று பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட வாஷ்பேசின் ஒன்றை நம் வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தோம். நீ மாதிரி இறால் ஒன்றையும் என்னுடையது ஒன்றையும் அதில் போட்டாய். மாதிரி, முள் மேலே பார்க்க முதுகு கீழே போய்ப் படுத்துவிட்டது. என்னுடையது நேராக நின்றது. "ம்மா, கம்பெனிக்காரனுது மல்லாந்து வுழுது. உன்னுது எப்பிடி நிக்குது பாரு" என்று கத்தினாய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உனக்கு ஒரு கரண்டி தொக்கு கூடப் போட்டேன். ஏன் அப்படி விழுகிறது, வேண்டுமென்றே செய்ததாக இருக்குமோ என்று டிப்ளமா படிக்கிறவன் நீயும் கேட்கவில்லை, பதினோரு வருஷம் வேலை செய்த நானும் கேட்கவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து சரக்குப் பார்க்கிறவர் ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்தார். அடியில் மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மாதிரி இறாலை விட்டார். அது மல்லாந்து விழுந்தது. "எல்லாரும் நல்லாப் பாருங்கம்மா. அங்க ஆழமே இல்லாத தண்ணி. அடியில மணலு, பாறை, பாசி. முள்ளு கீழ பாத்தா அதுல போய் மாட்டிக்கும். மல்லாந்து வுழுந்தாத்தான் முள்ளு மேல நிக்கும், மீனு வந்து கவ்வும். அதுக்குத்தான் முதுகுல குண்டு" என்றார். டீ குடித்துவிட்டு வந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கிறேன் என்று வெளியே போனார். அத்தனை பேர் முன்னால், என்னைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் முன்னால், தலையாட்டிப் பொம்மை பற்றி நான் பேசிய பேச்சு அப்படியே திரும்பி வரப்போகிறது.

பெட்டிகள் பின் அறையில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கட்டியவள் பேரை எழுதி மைதாப் பசையால் ஒட்டியிருப்போம். ரோஸ்லின் அன்று வரவில்லை. ஜெனிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். சனிக்கிழமை கிளம்பும்போது, "அக்கா, பெட்டி முடிச்சிட்டேன். எம்பேரை நீங்களே எழுதி ஒட்டிடுங்க" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் திங்கட்கிழமை காலைதான் இரண்டு சீட்டையும் எழுதி ஒட்டியிருந்தேன். பசை இன்னும் காயவில்லை. இரண்டையும் உரித்து மாற்றி ஒட்டிவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் என் பேர் ஒட்டிய அவளுடைய பெட்டியைத் தூக்கிக் காட்டி, "எறான்னா இப்பிடிக் கட்டணும்" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். நான் சிரித்தேன். சிரிப்பு நன்றாகவே வந்தது.

மறுநாள் ரோஸ்லின் வந்தாள். "இது உம்பேருதானே?" என்று சரக்குப் பார்க்கிறவர் பெட்டியை அவள் முன்னால் போட்டார். "பேரு எம்பேருதான் சார். ஆனா நான் மாதிரியைப் பாத்துத்தான் கட்டுனேன்" என்றாள். அப்போது நான் வாய் திறந்தேன். "மாதிரியைப் பாத்துக் கட்டுன்னு நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே ரோஸ்லினு, கேட்டியா?" என்றேன். அவள் எனக்குச் சொன்ன வார்த்தையை எடுத்து அவளையே அடித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. முள்ளும் குண்டும் வெளிநாட்டுச் சரக்கு, வெட்டி எறியக் கூடாது, முடிச்சை மட்டும் அறுத்துவிட்டு ஒவ்வொன்றாக நூலைப் பிரித்துவிட்டுத்தான் வேறு வேலையைத் தொட வேண்டும் என்று உத்தரவு.

முதல் இறாலை எடுத்து முடிச்சை அறுத்தாள். வழக்கமான பக்கமாக நூலை இழுத்தாள். நூல் பிரியவில்லை, இறுகியது. மறுபடி இழுத்தாள், இன்னும் இறுகியது. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தாள். பொலபொலவென்று பிரிந்தது. அவள் கை அப்படியே நின்றது. அந்தக் கொட்டகையில் நூலை எதிர்ப்பக்கம் சுற்றுகிறவள் ஒருத்திதான். பீச்சாங்கைக்காரி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டாவதை எடுத்தாள். இந்த முறை முதலிலேயே எதிர்ப்பக்கமாகப் பிரித்தாள். மூன்று நாள் பிரித்தாள், தம்பி. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து புது இறால் கட்டிக்கொண்டிருந்தேன். நான் கட்டுகிற நூல் சத்தமும் அவள் பிரிக்கிற நூல் சத்தமும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம் முதல் நாள் இருந்தது. சொல்ல மாட்டாள் என்று இரண்டாம் நாள் தெரிந்துவிட்டது. அதன் பிறகு பயம் போய் எரிச்சல் வந்தது. எப்போது இவள் முடித்துத் தொலைவாள் என்று இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு முள் அவள் வலது கட்டைவிரல் சதையில் ஆழமாக ஏறிவிட்டது. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே எதிராகப் பார்க்கிற ஒரு குட்டிக் கொம்பு உண்டு. ஏறிய முள்ளை வந்த வழியே இழுக்கக் கூடாது, முன்னால் தள்ளி நுனியை வெளியே எடுத்து வெட்ட வேண்டும். முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விஷயம். அவள் கையைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தவள் நான். சதையோடு வந்தது. வேண்டுமென்றே இழுத்தாயா என்று கேட்பாய். அந்தக் கை பிரிப்பதை நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் அந்த நிமிஷம் எனக்குள் இருந்தது, அதற்கு நீ என்ன பேர் வைக்கிறாயோ வைத்துக்கொள். புண் சீழ் வைத்தது. பெரியாஸ்பத்திரியில் கட்டைவிரலைக் கணு வரைக்கும் எடுத்துவிட்டார்கள். இறால் கட்டவும் முடியாது, கண் எழுதவும் முடியாது. பொம்மைச் சூளையில் தட்டுச் சுமக்கப் போனாள், இன்றைக்கும் அதுதான் அவள் வேலை. என்னை அந்த வருஷமே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நீ இனிப்பு வாங்கி வந்தாய், இரண்டு தெருவுக்குக் கொடுத்தோம்.

உன் படிப்புக்காக, உனக்காகச் செய்தேன் என்று எழுதலாமா என்று இப்போதுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். எழுதினால் நீ அழுதுவிடுவாய், என்னை மன்னித்தும்விடுவாய். ஆனால் அது பொய். அந்தப் பின் அறையில் உன் நினைப்பே எனக்கு இல்லை. இவ்வளவு பேசினவள் தப்பாகக் கட்டினாள் என்று பேர் வரக் கூடாது, அவ்வளவுதான். போன வருஷம் நீ போனில் ஜெனியைப் பற்றிச் சொன்னபோது, "ஒனக்கு வேற எவளும் கிடைக்கலியா?" என்று கத்தினேன். ஏழை வீட்டுப் பெண் என்று பார்க்கிறேன் என்று நினைத்து இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாய். பாவி, நான் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாமல்தான் கத்தினேன். கடைசியில் பெண் கேட்கப் போனபோது ரோஸ்லின் இடது கையால் எனக்குக் காபி டம்ளரை நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

நேற்றுப் பூசை முடிந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"சம்பந்தி, ரெண்டு ஓலை ஆயிடுச்சி. உங்க மவனுக்குத் தெரியுமா?"

"எது?" என்று கேட்டேன். கேட்டதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

"உங்க பீச்சாங்கை விசயம். ஜெனிக்கு ஏழு வருசமாத் தெரியும். தெரிஞ்சிதான் கட்டிக்கிறேன்னு சொன்னா. அவருக்கு மட்டும் தெரியாம இருந்தா அது நல்லா இருக்குதா? எழுதுங்க. எந்தக் கையால கட்டினீங்களோ அந்தக் கையாலயே எழுதுங்க. உறையை ஒட்டாம எங்கிட்ட எடுத்துட்டு வாங்க, நான் படிச்சிட்டு கூரியர்ல போடுறேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லல ரோஸ்லினு?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். மூணு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே."

அவள் போகிறவள் போல இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "இன்னொண்ணுங்க. காலையில எனக்கு ஜாக்கெட்டு கொக்கி மாட்டிவுடுறது ஜெனிதான். ஒத்தக் கையால முடியல. அவ கல்யாணம் ஆயி குஜராத்து போயிட்டா யாரு மாட்டுறது? நீங்க வந்துடுங்க. நாளைலேர்ந்தே வாங்க, பழகிடும்."

இன்று காலை ஆறு மணிக்குப் போனேன். ரோஸ்லின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள், சின்னப் பிள்ளை உடுப்புப் போட நிற்பது போல. ஐந்து கொக்கி. ஆயிரம் மாதாவுக்குக் கண் வைத்த கை, முதல் கொக்கியைக் கண்ணியில் நுழைக்கத் தெரியாமல் மூன்று முறை தவறவிட்டது. ஜெனி வாசற்படியில் சாய்ந்து தலை பின்னிக்கொண்டே பார்த்தாள். முடித்துவிட்டேன் என்று நகர்ந்தேன். "அத்தை, மேல் கொக்கிய வுட்டுட்டீங்க" என்றாள். குரலில் கோபமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. திரும்பப் போய் மாட்டினேன். நீ ரயில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நாளைக்கும் போவேன். ஏறினால் அந்தப் பெண்ணோடுதான் நீ வாழப்போகிறாய். அவள் எதையும் மறக்க மாட்டாள், உனக்காகக்கூட மறக்க மாட்டாள். அவளிடம் எதிலும் சீட்டை மாற்றி ஒட்டாதே.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உறை மேல் உன் பேரை நானே எழுதி ஒட்டி எடுத்து வரட்டுமா என்று காலையில் கேட்டேன். "பேரை நான் எழுதி ஒட்டிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் உறை மேல் இருப்பது அவள் எழுத்து. அதுவும் இதைப் போலவே கோணலாகத்தான் இருக்கும். அவளும் இப்போது இடது கையால்தான் எழுதுகிறாள்.

அம்மா